நம் தெருவில் வெள்ளக் கோடு வரைவது எப்படி

2007-இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர் நியூயார்க்கில் ஒரு கோடு போட்டார். விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுக்கும் தள்ளுவண்டியோடு, காலநிலை மாற்றத்தால் இனி வெள்ளம் எட்டக்கூடிய எல்லையைக் காட்ட, கடல் மட்டத்துக்கு மேலே 10 அடி உயரம் எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறதோ அந்தத் தெருவெல்லாம் நடந்தார். புரூக்ளினிலும் கீழ் மன்ஹாட்டனிலும் சேர்த்து சுமார் 70 மைல். போகிற வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால் நின்று பேசினார். உண்மையில் அந்தப் பேச்சுக்காகத்தான் கோடே. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது அந்தக் கரையோரத்தில் பல இடங்களில் கடல் ஏறி வந்தது. பின்னாளில் மயாமியிலும் பிரிஸ்டலிலும் ஊர்க்காரர்களே சேர்ந்து தங்கள் தெருக்களில் அப்படிக் கோடு போட்டார்கள்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் இதைச் செய்வது இன்னும் சுலபம். இங்கே எதிர்கால உயரத்தைக் கணக்குப் போட வேண்டியதில்லை. தண்ணீர் ஏற்கெனவே வந்து சுவரில் கறை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்த உயரத்தைத் தெரு முழுக்க ஒரே நீலக் கோடாக இணைப்பதும், வாசலில் கோலமாக விரிப்பதும்தான் வேலை. கீழே சொல்லும் அளவுகள் 200 மீட்டர் நீளம், சுமார் 40 வீடுகள் உள்ள ஒரு தெருவுக்கு. இதைவிடப் பெரிதாகத் தொடங்காதீர்கள்.

முதலிலேயே ஒன்று. கோடு கோணலாக இருக்கலாம், உயரம் தப்பாக இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒரு சாண் தப்பினால் போதும், "எங்க வீட்டுல இவ்வளவு வரலையே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். அதோடு மற்ற 39 வீட்டுக் கோட்டுக்கும் மதிப்புப் போய்விடும். அதனால் இந்த வேலையில் பாதி நேரம் அளப்பதற்கே போகும், போகட்டும்.

உயரத்தைக் கேட்டு வாங்குவது

"எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று கேட்டால் "இடுப்பளவு", "கழுத்தளவு" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வராதீர்கள். யாருடைய இடுப்பு, எங்கே நின்றபோது என்று கேட்க வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தின்போது 10 வயதாக இருந்த பிள்ளை இன்று ஆறடி ஆளாக நின்று "கழுத்தளவு" என்று கையை வைத்துக் காட்டுவார். அன்றைக்கு அவர் கழுத்து சுமார் 110 சென்டிமீட்டரில் இருந்திருக்கும், இன்று கை வைப்பது 150-இல். பெரியவர்களும் ரோட்டில் நடந்தபோது இருந்த ஆழத்தையும் வீட்டுக்குள் நின்ற ஆழத்தையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வார்கள்.

ஆளை வைத்து அளக்காமல் அசையாத பொருளை வைத்துக் கேளுங்கள். மீட்டர் பெட்டி நனைந்ததா, அடிப்பக்கம் மட்டும் நனைந்ததா? சுவிட்ச் போர்டு முழுகியதா? ஜன்னல் கட்டை தெரிந்ததா? கிரில் கேட்டில் எத்தனையாவது குறுக்குக் கம்பி வரைக்கும்? அன்று போனில் எடுத்த படம் எதிலாவது கேட்டோ படிக்கட்டோ தெரிகிறதா? அலமாரிக்குப் பின்னாலும், பீரோவை நகர்த்தினால் அதன் பின்சுவரிலும், வெள்ளையடிக்காத மாடிப்படி அடியிலும் பழைய கறை அப்படியே இருக்கும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ரோட்டிலிருந்து அளக்கவே கூடாது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே வரும். 2015-இல் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படி ஏறினால் போதும். அன்று ரோட்டிலிருந்து நாலடி என்றது இன்று மூன்றரை அடியாகக்கூட இருக்கலாம். வீட்டு நிலைப்படியின் மேல்மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். நிலைப்படியையும் உயர்த்திக் கட்டியிருந்தால் ஜன்னல் அடிக்கட்டையிலிருந்து கீழ்நோக்கி அளக்கலாம்.

நோட்டில் கதவு எண், நிலைப்படியிலிருந்து உயரம், என்ன சாட்சி, எவ்வளவு நம்பலாம் என்று நாலு பத்தி போதும். பெயர் வேண்டாம். கறையோ படமோ இருந்தால் அ, மீட்டர் பெட்டி மாதிரி பொருளை வைத்துச் சொன்னால் ஆ, வெறும் ஞாபகம் என்றால் இ. இந்தத் தெருவுக்கு அ வகையில் ஐந்தாறு புள்ளிகளாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு தெருவைப் பாருங்கள்.

மட்டத்தைத் தெரு நெடுகக் கொண்டுபோவது

ஐந்தாறு இடங்களில் உயரம் தெரிந்தாயிற்று. நடுவில் உள்ள வீடுகளுக்கு அதே மட்டத்தைக் கடத்த, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய டியூப், போதும். ரசமட்டத்தை நம்ப வேண்டாம். அது இரண்டடி மரச்சட்டத்துக்குச் சரி, 200 மீட்டருக்கு அதை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

ஹார்டுவேர் கடையில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப், உள்விட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர், 15 மீட்டர் நீளம் வாங்குங்கள். வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் நாலு துளி விட்டால் மட்டம் கண்ணுக்குத் தெரியும். வாளியை உயரத்தில் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனையை வாயால் உறிஞ்சித் தண்ணீரை ஓடவிடுங்கள். குழாயைத் திறந்து வேகமாக அடித்தால் குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். டியூபை விரலால் சுண்டிச் சுண்டி மேலே விரட்டி வெளியேற்ற வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீருக்கு மேலே அரை மீட்டர் காலியாக இருக்கட்டும்.

நிரப்பியதும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே உயரம் காட்டினால் சரி. பிறகு ஒருவர் அ வகைப் புள்ளியில் நிற்க, இன்னொருவர் அடுத்த முனையோடு 10 அல்லது 12 மீட்டர் தள்ளிப் போகட்டும். நடக்கும்போது இருவரும் கட்டை விரலால் டியூபின் வாயை அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கொட்டும். நின்ற பிறகு இருவரும் விரலை எடுத்தாக வேண்டும். மட்டம் தப்பினால் முதலில் இதைப் பாருங்கள், யாராவது ஒருவர் விரலை எடுக்க மறந்திருப்பார். முதல் ஆள் தன் பக்கத்துத் தண்ணீர் சரியாகப் புள்ளியில் நிற்கும்படி முனையை ஏற்றி இறக்கி, ஆடுவது நின்றதும் "சரி" என்று குரல் கொடுக்க, மறுபக்கத்தவர் தண்ணீரின் அடிவளைவு எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து அடுத்தது.

தெருக்கோடிவரை போய், எதிர்ச்சாரி வழியாகத் திரும்பிப் புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் எங்கோ குமிழியோ மடிப்போ இருந்திருக்கிறது. திரும்ப அளக்க வேண்டும். நடுவில் வரும் மற்ற அ புள்ளிகளோடும் ஒப்பிடுங்கள். தேங்கி நின்ற வெள்ளம் என்றால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வரும். ஆற்றை ஒட்டிய தெருவில் தண்ணீர் ஓடியிருக்கும். அங்கே மட்டம் சரிவாகத்தான் இருந்திருக்கும். அந்த மாதிரி இடத்தில் ஒரு புள்ளியின் மட்டத்தை 50 மீட்டருக்கு மேல் இழுக்காமல், ஒரு அ புள்ளியிலிருந்து அடுத்ததுக்கு நேராக நூல் பிடியுங்கள்.

இந்த வேலை முழுவதையும் கோடு போடும் நாளுக்கு முதல் நாளே முடித்துவிடுங்கள். ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு டியூபில் குமிழி விரட்டிக்கொண்டிருந்தால் எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கோட்டுக்கு என்ன பூசுவது

சுண்ணாம்பு அடித்த சுவர், சிமென்ட் பூச்சுச் சுவர், செங்கல் காம்பவுண்டு இவற்றுக்குச் சுண்ணாம்பு நீலம்தான் நல்லது. வெள்ளையடிக்கும்போது வெண்மை தூக்கிக் காட்டச் சலவை நீலப்பொடி ஒரு சிட்டிகை போடுவார்களே, அதையே கூடுதலாகப் போட வேண்டியதுதான். நீர்த்த சுண்ணாம்புத் தூள் 2 கிலோ, தண்ணீர் 4 லிட்டர், நீலப்பொடி 200 கிராம், மரப்பசை 100 கிராம். முதல் நாள் இரவே கரைத்து, காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நாலு சென்டிமீட்டர் அகலக் கோட்டுக்கு, இரண்டு பூச்சுக்கு, இது போதும். டியூபுக்கு வாங்கிய சொட்டு நீலத்தை இதில் ஊற்றாதீர்கள். வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் விட்டதும் கொதிக்கும். ஒரு நாள் ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். எந்தச் சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகள் கையில் இந்த வாளியைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

எமல்ஷன் அடித்த சுவரிலும் டைல்ஸிலும் சுண்ணாம்பு பிடிக்காது, நாலே நாளில் பொருக்குத் தட்டி உதிரும். அங்கே நீல சாக்பீஸ், அல்லது ஒட்டினால் கறை படாமல் உரிந்து வரும் நீல டேப். சுவரே இல்லாத காலி மனை முன்னால் சவுக்குக் கம்பு நட்டு அந்த உயரத்தில் நீலப் புடவைக் கிழிசலைக் கட்டுங்கள். மீட்டர் பெட்டிக்கும் மின்வாரியத்தின் பில்லர் பெட்டிக்கும் ஒரு முழம் முன்னாலேயே கோட்டை நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து தொடருங்கள். ஈரத் தூரிகைக்கு அங்கே வேலையில்லை.

பென்சில் குறிகளுக்கு நடுவே நூலில் காவிப்பொடி தடவி, இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். அதன் மேலே இரண்டு அங்குலத் தூரிகையால் இழுக்க வேண்டும். அந்தந்த வீட்டுச் சுவரில் அந்தந்த வீட்டார்தான் இழுக்க வேண்டும். கை நடுங்கும் பாட்டி இழுத்தாலும் சரி, அலை அலையாகப் போனாலும் சரி. நீங்கள் திருத்தப் போகாதீர்கள். ஒரு முனையில் ஆண்டையும் உயரத்தையும் எழுதினால் போதும்: "2015, 92 செ.மீ."

தெரு மேடேறும் இடத்தில் கோடு சுவரில் தாழ்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் தரையைத் தொடும். அதுதான் அன்றைக்கு வெள்ளத்தின் கரை. அங்கே ரோட்டுக்குக் குறுக்கே கோலமாவால் கரைக்கோடு போடுங்கள். தெருவில் கூட்டம் கூடுவது அங்கேதான். பத்தடி தள்ளியிருந்த வீட்டில் காபி போட்டுக் குடித்தார்கள், இந்தப் பக்கம் மொட்டை மாடியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள் என்கிற பேச்சு தானாக வரும். அந்த இடத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு டீ பிளாஸ்கும் வையுங்கள்.

புள்ளிக் கோலத்தில் மழைக் கணக்கு

சுவர்க் கோடு தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று காட்டும். அது எங்கிருந்து வந்தது என்று காட்ட முச்சந்தியில் ஒரு பெரிய கோலம். விதி ஒன்றுதான்: 24 மணி நேரத்தில் பெய்த மழையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு ஆள் வைக்க வேண்டும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி, கச்சிதமாக உட்காரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95. பதினொரு புள்ளி, ஆறு வரை இடைப்புள்ளி வைத்தால் 91 வரும். மிச்சம் நாலு கோலத்துக்கு வெளியே தனியாக நிற்கும். நிற்கட்டும், அந்த நாலு எதற்கு என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அளவு சொல்ல வேண்டுமானால், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது சுமார் 930 லிட்டர். 49 புள்ளி என்றால் 45,000 லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லாரி, ஒரே மாடியிலிருந்து.

வீட்டு வாசல் கோலத்துக்கு விதி வேறு. அந்த வீட்டில் எத்தனை நாள் தண்ணீர் நின்றதோ அத்தனை வரிசைப் புள்ளி. நாலடிக் கோலத்துக்கு 200 கிராம் மாவு, முச்சந்திக்கும் கரைக்கோட்டுக்கும் சேர்த்துத் தெருவுக்கு 10 கிலோ. கடையில் விற்கும் வெள்ளைக் கல்மாவு எளிதில் விழும்; அரிசி மாவு என்றால் எறும்பும் அணிலும் தின்னும். அரிசி மாவில் கலர்ப்பொடி கலக்காதீர்கள். காற்றடிக்கும் தெருவில் மாக்கோலம்தான் நிற்கும்: ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, துணியில் நனைத்து விரலில் ஒழுகும் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கேட்பது, யார் மறுப்பார்கள்

வீட்டு உரிமையாளர் சம்மதம் இல்லாமல் சுவரில் கை வைக்காதீர்கள். வாடகைக்கு இருப்பவர் சரி சொன்னால் போதாது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைப்பவர் கட்டாயம் மறுப்பார். கோடு இருந்தால் விலை இறங்கும் என்ற பயம் நியாயமானதுதான், வாதாட வேண்டாம். அந்த வீட்டு முனையில் கோட்டை நிறுத்தி அடுத்த வீட்டில் தொடருங்கள். இடைவெளியைப் பற்றி யாரும் கிண்டலாகப் பேசாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

துக்கம் நடந்த வீட்டு வாசலில் கோலம் போட மாட்டார்கள். அந்த வெள்ளத்திலேயே யாரையாவது இழந்த வீடும் இருக்கலாம். இதையெல்லாம் ஒரு வாரம் முன்பே தெருவில் விவரம் தெரிந்த ஒருவரிடம், அநேகமாக இஸ்திரி வண்டிக்காரரிடமோ மளிகைக் கடை அக்காவிடமோ, காதோடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோலம் போடும் வழக்கமில்லாத வீடுகளுக்குச் சுவர்க் கோடு மட்டும். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வேறு தெருவிலிருந்து வருவார்கள். அவர்கள் தெருவில் தண்ணீர் இன்னும் அதிகமாக நின்றிருக்கும். முச்சந்திக் கோலத்தில் அவர்களும் புள்ளி வைக்கும்படி நேரத்தை வையுங்கள். மீனவர் குப்பம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்துப் பேசாமல் எதுவும் நடக்காது.

பொது இடத்தின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் உண்டு. பாலம், பூங்காச் சுவர், பள்ளிச் சுவர் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரோட்டுக் கோலத்துக்குக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். கோலத்துக்குப் போய் போலீஸா என்று தோன்றும். 2019 டிசம்பரில் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்துவைத்தது நினைவிருக்கும்.

அந்தக் கேள்வி

"ஏரியைத் திறந்துவிட்டதால் வந்த வெள்ளம், இதில் காலநிலை மாற்றம் எங்கே வந்தது?" கோடு போடும் நாளில் இதைக் கேட்காத ஆள் இருக்க மாட்டார். மழுப்பினால் அங்கேயே மரியாதை போய்விடும். 2015 டிசம்பர் முதல் நாளன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிடப்பட்டது உண்மை. சதுப்பு நிலத்தில் கட்டடம் வந்ததும், கால்வாய் தூர்ந்ததும் உண்மை. அந்த மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அந்த ஒரு நாள் மழையில் காலநிலை மாற்றத்தின் பங்கைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றே சொன்னார்கள். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு சொல்ல வேண்டியது வேறு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும்; கொட்டுகிற நாளில் அதிகம் கொட்டும். 1901-க்கும் 2018-க்கும் நடுவே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது; கடல் உயர உயர அடையாறு மாதிரியான ஆற்றின் முகத்துவாரத்தில் தண்ணீர் வடிவது மெதுவாகும். அதே ஏரி, அதே கால்வாய், அதே ஆக்கிரமிப்பு, அதன் மேல் இன்னும் கனமான மழை வந்தால் நம் தெரு தாங்குமா என்று அங்கே கேளுங்கள். "2050-இல் இவ்வளவு வரும்" என்று இரண்டாவது கோடு போடும் ஆசை வரும். உங்கள் தெருவுக்கென்று முறையாகக் கணித்த அளவு கையில் இல்லாமல் அதைப் போட வேண்டாம்.

நாளும் நேரமும்

டிசம்பர் 1 என்று நினைவு நாளைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும். பொங்கலுக்கு முன்னால் போட்டால் வெள்ளையடித்து அழித்துவிடுவார்கள். பொங்கல் முடிந்த முதல் அல்லது இரண்டாவது ஞாயிறு சரியாக வரும். மார்கழி முழுக்கக் கோலம் போட்ட கை பழக்கத்தில் இருக்கும், சுவரும் காய்ந்திருக்கும். காலை ஐந்தரைக்கு வாசல் கோலம், ஆறு மணிக்குச் சுவர்க் கோடு, ஒன்பதுக்குள் முடிவு. தெருவில் நிற்கும் கார், பைக்குகளை முதல் நாள் இரவே நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு கார் நகராவிட்டால் அந்த நாலு மீட்டர் கோடு போகவே போகாது.

கையோடு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சீட்டு கொடுங்கள். கோட்டுக்குக் கீழே இப்போது என்ன இருக்கிறது: சுவிட்ச் போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், ஃபிரிட்ஜ், பத்திரம் வைத்த பெட்டி, சம்ப் மூடி. ஒன்றை மட்டும், அடுத்த மழைக்குள் மேலே ஏற்றப்போவதை, வட்டம் போடச் சொல்லுங்கள். கவுன்சிலரோ உதவிப் பொறியாளரோ வந்தால் மழைநீர் வடிகால் பற்றிய கோபம் அவர்கள் மேல் பாயும். அதைத் தடுக்க வேண்டாம், ஆனால் நோட்டில் எழுதிய உயரப் பட்டியலின் நகலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, வடிகால் வாய் அடைத்திருக்கும் இடங்களை நேரில் நடந்து காட்டுங்கள்.

செப்டம்பர் கடைசியில் சீட்டுகளோடு மறுபடி ஒரு சுற்று போங்கள். வெளுத்த இடத்தில் நீலம் பூசுவதற்கு முன், வட்டம் போட்ட சாமான் மேலே ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஏறாத வீட்டில் காரணம் கேட்டால் அநேகமாக எலக்ட்ரீஷியன் கிடைக்கவில்லை என்பார்கள். பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரு எலக்ட்ரீஷியனைப் பேசி முடித்துக் கொடுங்கள். சுண்ணாம்பு வாளியை அன்றைக்கே கரைத்து வைத்தால், போன முறை இடைவெளி விட்ட வீட்டுக்காரர் வெளியே வந்து நின்றால் தூரிகையை நீட்டலாம்.